3 டிகிரிச் சரிவில் ஒரு தேக்குப் பேட்டர்ன்: ரஃபிங், ஃபினிஷிங் பாதைகளைத் திட்டமிட்ட விதம்

கோயம்புத்தூரில் பம்பு உறுப்புகளை வார்க்கும் பவுண்டரிகளை ஒட்டி, அவற்றுக்கு மரப் பேட்டர்ன், அதாவது மணலில் பதித்து அச்சுக் குழி உண்டாக்கும் மர மாதிரி, செய்து தரும் பட்டறைகளும் பல உள்ளன. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உருப்படி அப்படியொரு பட்டறையில் மூன்று அச்சு சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கட்டளைப்படி சுழலும் டூலை மூன்று திசைகளில் ஓட்டும் வெட்டு இயந்திரத்தில்) வெட்டியது. பம்பையும் மோட்டாரையும் ஒரே அடித்தட்டில் ஏற்றும்போது, பம்பின் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் என்ற அடைப்பில் கசியும் நீர் தட்டின் மேலேயே தேங்காமல் ஒரு முனையிலுள்ள வடிதுளைக்கு ஓடிவிட வேண்டும். அதற்காக அடித்தட்டின் மேற்பரப்பு நீளவாக்கில் 3 டிகிரி சரிந்திருக்கும். சுற்றிலும் 6 மி.மீ. உயரத்துக்கு ஒரு கரை, அந்தச் சரிவுக்கு இணையாகவே ஓடும். சாம்பல்நிற வார்ப்பிரும்பில், ஈர மணல் அச்சில் வார்க்கப்படும் உருப்படி அது.

இதே அடித்தட்டுக்கு வேறோர் இடத்தில் முன்பு செய்த பேட்டர்ன் ஒன்று பவுண்டரியில் பயன்பாட்டில் இருந்தது. அதன் பக்கச் சுவர்களை உருண்டை முனை டூலால், மேலிருந்து கீழாக மட்டம் மட்டமாகச் சுற்றிவந்து முடித்திருந்தார்கள். அந்த முறை விட்டுச்சென்ற கிடைக்கோடுகள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை என்றாலும், மணலிலிருந்து பேட்டர்னை உருவும்போது ஒவ்வொரு கோடும் மணலைப் பிடித்தது. மணலில் அச்சு எடுக்கும் மோல்டர்கள் அதைத் தளர்த்துவதற்காக அதிகம் தட்டி அசைத்தார்கள். அசைத்த அளவுக்கு அச்சுக் குழி பெருத்தது, வார்ப்பின் எடையும் கூடியது. மேற்பரப்பிலோ பிசிறு நிறைய இருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே சமன்செய்திருந்தார்கள். தேய்த்ததில் சரிவு அலையலையாகி, வார்ப்பின் நடுப்பகுதியில் நீர் தேங்கியது. ஆகவே புதிய பேட்டர்னிடம் பவுண்டரி எதிர்பார்த்தவை இரண்டே: சரிவு நேர்கோடாக இருக்க வேண்டும், சுவர்கள் மணலை இழுக்கக்கூடாது.

இந்த இரண்டும் உப்புத்தாளால் வருபவை அல்ல, வெட்டுப்பாதையால் வருபவை. அதனால் கடைசியில் ஓடி இறுதிப் பரப்பைத் தரப்போகும் ஃபினிஷிங் பாதையை முதலில் முடிவுசெய்து, அந்தப் பாதைக்கு எப்படிப்பட்ட மிச்சம் வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ப, பெருமளவு மரத்தை முதலில் கழிக்கும் ரஃபிங்கைப் பின்னோக்கி வகுத்தோம். வெட்டுப்பாதைகளை உருவாக்கும் கேம் மென்பொருளில் ரஃபிங் பட்டியலின் மேலே இருப்பதால் பலரும் அதிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். சரிவு குறைவாக உள்ள மரவேலையில் அந்த வரிசை நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

அளவுகளும் கட்டையும்

சாம்பல்நிற வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சுருங்குகிறது. வார்ப்பில் 400 மி.மீ. நீளமும் 230 மி.மீ. அகலமும் 21 மி.மீ. இறக்கமும் உள்ள சரிவுப் பரப்பு, பேட்டர்னில் 404, 232, 21.2 மி.மீ. ஆனது. எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குவதால் கோணம் மாறுவதில்லை. 3 டிகிரி 3 டிகிரியாகவே இருக்கும். கரையையும் சேர்த்தால் பேட்டர்னின் வெளிச்சுவர் தாழ்ந்த முனையில் சுமார் 30 மி.மீ., உயர்ந்த முனையில் சுமார் 53 மி.மீ. உயரம். பேட்டர்ன் மணலிலிருந்து எளிதாக உருவி வருவதற்காக வெளிச்சுவர்களுக்கு 2 டிகிரி உருவு சரிவு கொடுக்கப்பட்டது. பேட்டர்னின் தட்டையான அடிப்பகுதியே அச்சின் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் பிரியும் தளம்.

55 மி.மீ. கனத்தில் ஒரே தேக்குப் பலகை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அது வளையும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எப்படி ஒட்டுவது என்பதையும் வெட்டுப்பாதையோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து ஒட்டினால், பசைக்கோடு கிடைமட்டமாக அமையும். 3 டிகிரிச் சரிவு அதை வெட்டிக் கடக்கும் இடத்தில் மேற்பலகை கூர்ந்து மெலிந்து முடியும். அந்த விளிம்பிலிருந்து 9.5 மி.மீ. தள்ளிக்கூட மேற்பலகையின் கனம் அரை மி.மீ. மட்டுமே. ஈர மணலில் அழுந்தி அழுந்தி எழும் பேட்டர்னில் அந்த மெல்லிய நாக்கு வெகுநாள் ஒட்டியிருக்காது. ஆகவே தேக்குப் பட்டைகளைக் குத்தாக நிறுத்தி, பசைத்தளங்கள் செங்குத்தாகவும் நீளவாக்கிலும் ஓடும்படி ஒட்டினோம். அப்போது சரிவுப் பரப்பில் பசைக்கோடுகள் சரிவின் திசையிலேயே மெல்லிய நேர்கோடுகளாகத் தெரியும், எங்கும் நாக்கு உண்டாகாது. மரத்தின் நாரும் அதே நீளவாக்கில்தான்.

மோட்டார், பம்பு ஆகியவற்றின் பாதங்கள் உட்காரும் நான்கு திண்டுகள் கிடைமட்டமானவை, சரிவிலிருந்து உயர்ந்து நிற்பவை. அவற்றையும் ஒரே கட்டையிலிருந்து வெட்டுவதா, தனியே செய்து பதிப்பதா என்பது திட்டத்தையே மாற்றும் கேள்வி. ஒரே கட்டை என்றால் மரமும் கனமாக வேண்டும், வெட்டிக் கழிக்கும் அளவும் கூடும். அதைவிட, சரிவில் ஓடும் ஒவ்வொரு பாதையும் திண்டில் முட்டி நின்று, விலகி, மறுபடி இறங்க வேண்டியிருக்கும். நின்று இறங்கும் ஒவ்வோர் இடமும் ஒரு தழும்பு. திண்டுகளைத் தனியே செய்து, சரிவை முடித்த பிறகு அதில் கிடைமட்ட அடியுள்ள குழிகளை வெட்டி, அவற்றில் பதித்து ஒட்டுவது என்று முடிவானது. குழியின் தளம் கிடைமட்டம் என்பதால் திண்டின் அடிப்பாகத்தைச் சாய்வாக அறுக்க வேண்டியதில்லை. உயரமும் குழியின் தளத்தை வைத்தே சரியாக அமைந்துவிடும். பின்னாளில் மோட்டாரின் அளவு மாறினால் திண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிடிப்பும் பூஜ்ஜியமும்

கட்டையின் அடிப்பக்கத்தை முதலில் ரவுட்டரிலேயே மட்டமாக்கி, அதே பிடிப்பில் டோவல் என்ற பொருத்துமுளைகளுக்கான இரண்டு துளைகளையும் போட்டோம். பின்னர் பேட்டர்னை அச்சுத் தட்டில் பொருத்துவதும் இதே துளைகளால்தான் என்பதால், இயந்திரத்தின் அளவுக்கும் பவுண்டரியின் அளவுக்கும் மூலம் ஒன்றாகிவிடுகிறது. கட்டையைத் திருப்பி, 25 மி.மீ. பிளைவுட் தாங்குபலகை ஒன்றில் அந்த டோவல்களில் உட்காரவைத்து, பலகையின் அடியிலிருந்து திருகு போட்டு இறுக்கினோம். மேலே எந்தக் கிளாம்பும் இல்லை. டூல் முழுப் பரப்பிலும் தடையின்றி ஓடலாம், கழற்றிய கட்டையை மீண்டும் அதே இடத்தில் உட்காரவைக்கலாம்.

உயர அளவு தொடங்கும் இசட் பூஜ்ஜியத்தைத் தாங்குபலகையின் மேற்பரப்பில், அதாவது பேட்டர்னின் அடித்தளத்தில் வைத்தோம். கட்டையின் மேற்பரப்பில் பூஜ்ஜியம் வைக்கும் பழக்கம் கதவில் பூவேலை செதுக்குவதற்குப் பொருந்தும். இங்கே ரஃபிங் தொடங்கியதுமே மேற்பரப்பு போய்விடும். அடுத்தடுத்து நான்கு டூல்களை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்க, வேலை முடியும்வரை அழியாத தளம் ஒன்று வேண்டும்.

கட்டையையே 3 டிகிரி ஆப்பின்மேல் சாய்த்துவைத்தால் சரிவு கிடைமட்டமாகிவிடுமே, பெரிய ஃபேசிங் கட்டரால் ஒரே வீச்சில் இழைத்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது. சரிவு மட்டுமே உள்ள உருப்படிக்கு அதுதான் நல்ல வழி. இங்கே வெளிச்சுவரின் உருவு சரிவு உருவும் திசையிலிருந்து அளக்கப்படுவது. திண்டுகளின் குழித்தளமும் அடிக்கு இணையானது. சாய்த்து ஒரு முறையும் நேராக ஒரு முறையும் என இரண்டு பிடிப்பு போட்டால் இரண்டுக்கும் இடையே வரும் சிறு பிசகு, கரையின் உயரத்தில் வந்து நிற்கும். ஒரே பிடிப்பில் முடிப்பது என்று அந்த யோசனையை விட்டோம்.

சரிவுப் பரப்பின் ஃபினிஷிங்

முப்பரிமாணப் பரப்பு என்றதும் உருண்டை முனையுள்ள பால்நோஸ் டூலை எடுப்பது வழக்கமாகிவிட்டது. 12 மி.மீ. விட்டமுள்ள பால்நோஸ் 3 டிகிரிச் சரிவைத் தொடும் புள்ளி, டூலின் மைய அச்சிலிருந்து 0.31 மி.மீ. தூரத்திலேயே இருக்கிறது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினாலும் அந்தப் புள்ளியின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 35 மீட்டர் அளவே. அதே டூலின் முழு விட்டத்தில் அது 680 மீட்டரை நெருங்கும். முனையில் டூல் வெட்டுவதில்லை, நாரை அழுத்தித் தேய்க்கிறது. அழுந்திய நார் பிறகு ஈரம் பட்டதும் எழுந்து நிற்கும். முந்தைய பேட்டர்னின் மேற்பரப்பில் பிசிறு வந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்கு மாற்றாக 12 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. மூலை ஆரமும் கொண்ட புல்நோஸ் டூலைத் தேர்ந்தோம். அதன் அடியில் 8 மி.மீ. விட்டத்துக்குத் தட்டையான பகுதி இருக்கிறது. சரிவைத் தொடும் புள்ளி மையத்திலிருந்து 4.1 மி.மீ. தள்ளி அமைகிறது. அதே 18,000 சுற்றில் அங்கே வெட்டு வேகம் நிமிடத்துக்கு 464 மீட்டர், பால்நோஸைப் போலப் பதின்மூன்று மடங்கு. தேக்கில் சிலிக்கா இருப்பதால் டூலின் முனை சீக்கிரம் மழுங்கும்; அதனால் கார்பைடு டூல்தான்.

டூலைத் தேர்ந்ததும் அடுத்த கேள்வி, அது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பது. இந்த வேலை முழுவதிலும் மிகுந்த பலன் தந்த முடிவு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடுத்தடுத்த இரண்டு பாதைகளுக்கு நடுவே வெட்டப்படாமல் நிற்கும் சிறு வரிமேட்டின் உயரத்தைக் கணிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: பாதைகளுக்கு இடையிலான தூரமான ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை, பாதைக்குக் குறுக்கே டூல் விட்டுச்செல்லும் வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். பால்நோஸில் எந்தத் திசையில் ஓடினாலும் அந்த ஆரம் 6 மி.மீ.தான்; 1 மி.மீ. ஸ்டெப் ஓவரில் வரிமேடு 0.021 மி.மீ. புல்நோஸில் திசைக்குத் திசை அது மாறுகிறது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடினால், டூலின் தட்டையான அடி ஒவ்வொரு பாதையிலும் ஒரு படியை விட்டுச்செல்லும், 3 மி.மீ. ஸ்டெப் ஓவரில் அந்தப் படி சுமார் 0.12 மி.மீ. நிற்கும், விரலுக்கே தெரியும். சரிவின் நீளவாக்கில், ஏற்றமும் இறக்கமுமாக ஓடினால், சாய்ந்த தளத்தில் வட்ட விளிம்பு ஒன்று இழுத்துச்செல்லும் தடம் மிகவும் அகன்ற வளைவாகிறது. அதன் ஆரம், தட்டைப் பகுதியின் ஆரமான 4 மி.மீ.யைச் சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்து, மூலை ஆரமான 2 மி.மீ.யைக் கூட்டினால் வருவது: 78 மி.மீ. அதே 3 மி.மீ. ஸ்டெப் ஓவரில் வரிமேடு 0.014 மி.மீ. மட்டுமே. ஒரே டூல், ஒரே ஸ்டெப் ஓவர், திசையை மாற்றியதில் எட்டு மடங்கு வேறுபாடு.

நேரக் கணக்கிலும் இது தெளிவாகத் தெரிந்தது. 232 மி.மீ. அகலத்தை 1 மி.மீ. இடைவெளியில் பால்நோஸ் கடக்க 94 மீட்டர் பாதை வேண்டும்; 3 மி.மீ. இடைவெளியில் புல்நோஸுக்கு 31 மீட்டர் போதும். நிமிடத்துக்கு 4 மீட்டர் ஃபீடில், அதாவது டூல் நகரும் வேகத்தில், அது எட்டு நிமிட வெட்டு. இரண்டு பல் கொண்ட டூலுக்கு அந்த ஃபீடில் பல்லுக்கு 0.11 மி.மீ. விழுகிறது, அதைவிட மிகவும் குறைத்தால் டூல் சீவாமல் தேய்க்கத் தொடங்கும்.

நீளவாக்கில் என்று முடிவானதும், ஏறும்போது வெட்டுவதா இறங்கும்போதா என்ற கேள்வி எழுந்தது. பட்டறையின் மூத்த ஆசாரி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழைப்பதே முறை, ஏற்றத்தில் இழைத்தால் நார் பெயரும் என்று எச்சரித்தார். இழைப்புளிக்கு அது முற்றிலும் உண்மை: அதன் அலகு போகும் திசையிலேயே நாரை வெட்டுகிறது, எதிர்நாரில் போனால் பிளவு உள்ளே ஓடும். சுழலும் டூலில் அலகு போகும் திசை வேறு, டூல் போகும் திசை வேறு. ஏற்றத்தில் செல்லும் டூல் சரிவைத் தொடுவது தன் முன்விளிம்பில். அந்த இடத்தில் பல், டூலின் பயணத்துக்குக் குறுக்காக, அதாவது நாருக்குக் குறுக்காக வீசிச் செல்கிறது. ஆகவே நார் குறுக்கே அறுபடுகிறதேயன்றி, பிளந்து உள்ளே ஓட வழியில்லை. டூல் மழுங்கினால் மட்டும் மெல்லிய பிசிறு தென்படும்; அது டூலை மாற்றச் சொல்லும் அடையாளம். இறக்கத்திலோ, தொடும் புள்ளி டூலின் பின்விளிம்புக்குப் போய்விடுகிறது. தட்டையான அடி மரத்துக்குள் அழுந்தி இறங்க வேண்டியிருக்கிறது. மையம்வரை வெட்டுவாய் இல்லாத பிட்டுகள் அங்கே மரத்தைத் தேய்த்துக் கருக்கிவிடும். கழிவுக் கட்டையில் இரண்டு விதமாகவும் வெட்டிக் காட்டியபோது ஆசாரியும் ஏற்றத்தையே தேர்ந்தார். எல்லாப் பாதைகளையும் ஒரே திசையில், தாழ்ந்த முனையிலிருந்து உயர்ந்த முனைக்கு ஓடவிட்டு, திரும்பும்போது டூலைத் தூக்கி விரைவாகக் கொண்டுவந்தோம். திரும்பும் பயணத்துக்குச் செலவாகும் இரண்டு மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் போய்வரும் வெட்டாக மாற்றினால், அடுத்தடுத்த வரிகள் வெவ்வேறு நிறத்திலும் வெவ்வேறு வழுவழுப்பிலும் வந்துவிடும்.

வரிமேட்டை இன்னும் குறைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஈர மணலில் வார்த்த பரப்பின் சராசரிச் சொரசொரப்பு பொதுவாக 12.5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். மணலின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையிலான உயரம் அந்தச் சராசரியைவிடப் பலமடங்கு. 14 மைக்ரோமீட்டர் வரிமேடு மெல்லிய உப்புத்தாளின் ஒரு தடவலிலும் அதன்மேல் பூசும் மெருகிலும் மறைந்துவிடும், மணலில் தெரியாது. அதற்குக் கீழே போவது இயந்திர நேரத்தை வீணாக்குவதே.

கரையின் உட்பக்கம் சரிவைச் சந்திக்கும் மூலையில் 5 மி.மீ. ஆரத்துக்கு வளைவு தேவை. கூர்மூலை இருந்தால் அச்சில் மணல் அங்கேதான் உடையும், வார்ப்பில் விரிசலும் அங்கேதான் தொடங்கும். 10 மி.மீ. பால்நோஸ் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வந்தது. மூலையை ஒட்டிச் சுற்றிவரும் பாதையாக அதை ஓட்டி, சரிவுப் பரப்புக்குள் 2 மி.மீ. மேல்படியவிட்டோம். இரண்டு டூல்கள் சந்திக்கும் இடத்தில் கோடு விழாமல் இருக்க, இரண்டின் நீளத்தையும் ஒரே டூல் செட்டரில், ஸ்பிண்டில் சூடேறிய பிறகு எடுத்தோம். குளிர்ந்த ஸ்பிண்டிலில் ஒன்றையும் சூடான பிறகு மற்றொன்றையும் எடுத்தால், நூறில் சில பங்கு மி.மீ. வேறுபாடு அந்தக் கோட்டில் நிழலாகத் தெரியும்.

அதற்கேற்ற ரஃபிங்

ஃபினிஷிங் டூல் எங்கும் ஒரே அளவு மரத்தைத் தின்ன வேண்டும் என்பது ரஃபிங்குக்கு நாம் வைக்கும் நிபந்தனை. 6 மி.மீ. ஆழம் ஆழமாக மட்டம் எடுக்கும் வழக்கமான ரஃபிங், 3 டிகிரிச் சரிவில் 114 மி.மீ. அகலமுள்ள படிகளை உண்டாக்கும். மலைச்சரிவில் வெட்டிய வயல்களைப் போல. ஒவ்வொரு படியிலும் மிச்சம் ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மறுமுனையில் 6 மி.மீ. வரை போகும். அதன்மேல் நேரடியாக ஃபினிஷிங் ஓடினால், டூல் இலேசாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, படியின் விளிம்பில் திடீரென்று முழுச்சுமையை ஏற்கும். அந்த இடத்தில் அது வளைந்து, சரிவில் மெல்லிய அலை பதிந்துவிடும். எத்தனை துல்லியமான ஃபினிஷிங் பாதையும் அந்த அலையை நீக்காது.

ஆகவே 6 மி.மீ. மட்டங்களில் பெருமளவை எடுத்த பின், சரிவுப் பகுதியில் மட்டும் 2 மி.மீ. இடைமட்டங்களைச் சேர்த்தோம். படியின் அகலம் 38 மி.மீ.க்கும், மிச்சத்தின் ஏற்றத்தாழ்வு 2 மி.மீ.க்கும் இறங்கியது. இதற்கும் கீழே பொதுவாக 2 மி.மீ. மரத்தை விட்டுவைத்தோம். 16,000 சுற்று, நிமிடத்துக்கு 5 மீட்டர் ஃபீடு. ஒவ்வொரு மட்டத்திலும் டூல் நேராகக் குத்தி இறங்காமல், சாய்வாகச் சறுக்கி இறங்கியது. கரை சூழ்ந்த தொட்டி போன்ற வடிவம் என்பதால் சீவல்கள் தாழ்ந்த முனையில் சேர்ந்துகொண்டே இருக்கும். டூல் அவற்றை மறுபடி மறுபடி அரைத்தால் சூடும் தூளும்தான் மிச்சம். தூசி உறிஞ்சும் குழாயை அந்த முனையில் தாழ்த்தி வைத்திருந்தோம். தேக்குத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

ரஃபிங் முடிந்ததும் கட்டையைத் தாங்குபலகையிலிருந்து கழற்றி, இரவு முழுவதும் காற்றுப்படும்படி நிறுத்திவைத்தோம். ஒரு பக்கத்திலிருந்து இவ்வளவு மரத்தை எடுத்த பிறகு உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து, கட்டை கொஞ்சமாவது அசையும். அந்த அசைவு ஃபினிஷிங்குக்கு முன் வந்தால் நமக்கு நல்லது, பின் வந்தால் பேட்டர்னுக்குக் கேடு. மறுநாள் அடிப்பக்கத்தைச் சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான சமதளத் தட்டில் வைத்துப் பார்த்து, மெல்லியதாக மட்டமாக்கி, அதே டோவல்களில் மீண்டும் உட்காரவைத்தோம். 2 மி.மீ. விட்டுவைத்ததன் நோக்கம் இந்த அசைவை விழுங்குவதே. அவசரத்தில் இந்த ஓய்வை விடுகிறவர்கள் பிறகு இயந்திரத்தைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமில்லை.

அடுத்து, அதே புல்நோஸ் டூல் ஏற்றத் திசையில் 6 மி.மீ. இடைவெளியில் ஒரு முறை ஓடிப் படிகளையெல்லாம் வழித்து, எங்கும் சீராக 0.5 மி.மீ. விட்டது. அதன்மேல்தான் முன்பு சொன்ன 3 மி.மீ. பாதைகள் ஓடின, முதலில் கரையின் மேற்பரப்பு, பிறகு சரிவு. சரிவு முடிந்த பின்னரே திண்டுகளுக்கான குழிகள். குழியின் ஆழம் இறக்கப் பக்க விளிம்பில் 5 மி.மீ.; 60 மி.மீ. நீளமுள்ள திண்டுக்கு ஏற்றப் பக்கத்தில் அது 8.1 மி.மீ. ஆகும். திண்டு அமர்ந்ததும் அதன் அடியைச் சுற்றி மெழுகால் வளைவு கொடுப்பது பேட்டர்ன் ஆசாரிகள் காலங்காலமாகச் செய்துவரும் முறை. அதில் இயந்திரத்தைப் புகுத்தவில்லை.

வெளிச்சுவர்

சுவர்களுக்குப் பால்நோஸை மட்டம் மட்டமாகச் சுற்றிவிட்டால், 1 மி.மீ. இறக்கத்திலும் 0.021 மி.மீ. உயரக் கிடைக்கோடுகள் வரும். சரிவுப் பரப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதே அளவு, சுவரில் பொறுக்கத்தக்கதல்ல; ஏனெனில் அங்கே ஒவ்வொரு கோடும் உருவும் திசைக்குச் செங்குத்தாக நிற்கிறது. உப்புத்தாளால் நீக்க முனைந்தால் 2 டிகிரி என்பது ஓரிடத்தில் ஒன்றரையாகவும் இன்னோரிடத்தில் மூன்றாகவும் மாறும். எனவே பக்கத்துக்கு 2 டிகிரி கூம்பாக அமைந்த டேப்பர் டூலை வாங்கினோம்: முனையில் 10 மி.மீ. விட்டம், 60 மி.மீ. வெட்டு நீளம். டூலின் பக்கவாட்டே உருவு சரிவை வெட்டுவதால், அடிவிளிம்பை ஒட்டி ஒரே மட்டத்தில் ஒரு சுற்று வந்தாலே முழுச் சுவரும் முடிந்துவிடுகிறது. கிடைக்கோடு என்பதே இல்லை. டூலின் முனையைத் தாங்குபலகைக்குள் 1 மி.மீ. இறக்கிவிட்டதால் அடிவிளிம்பில் சிலாம்பும் நிற்கவில்லை.

நீளமான டூலின் குறை அதன் வளைவு. டூலைப் பிடிக்கும் கொலெட்டிலிருந்து 45 மி.மீ. நீண்டிருக்கும் டூலை 65 மி.மீ. நீட்டினால், அதே விசைக்கு அது மூன்று மடங்கு வளையும். ஆகவே நீண்ட டூலைச் சுவருக்கு மட்டும் ஒதுக்கி, சரிவுக்கான புல்நோஸைக் குட்டையாகவே பிடித்தோம். சுவரிலும் நீண்ட டூலுக்கு 0.5 மி.மீ.க்கு மேல் கடைசி வெட்டில் விட்டுவைக்கவில்லை. நாரின் முனை வெளியே தெரியும் இரண்டு குறுக்குப் பக்கங்களை முதலில் 0.5 மி.மீ. மிச்சம்வரை எடுத்து, பிறகு நீளப் பக்கங்களை அதே அளவுக்குக் கொண்டுவந்தோம். குறுக்குப் பக்கத்தின் கோடியில் நார் பெயர்ந்தாலும் நீளப் பக்கத்தின் வெட்டு அதை எடுத்துவிடும். கடைசிச் சுற்று, பல் வெளியிலிருந்து மரத்துக்குள் அழுத்தி வெட்டும் கிளைம்ப் திசையில், நிற்காமல் ஒரே வளையமாக ஓடியது.

சரிபார்த்தல்

சரிவைக் கோணமானி கொண்டு சரிபார்ப்பதில் பொருளில்லை. டிஜிட்டல் கோணமானி 0.1 டிகிரி பிசகினால் 404 மி.மீ. நீளத்தில் அது 0.7 மி.மீ. பேட்டர்னைச் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, ஹைட் கேஜில் பொருத்திய டயலால் சரிவின் இரு முனைகளிலும் இடையிலும் உயரம் எடுத்து, இறக்கம் 21.2 மி.மீ. என்பதையும் இடைப்பட்ட உயரங்கள் ஒரே கோட்டில் விழுவதையும் பார்த்தோம். பிறகு மெல்லிய உப்புத்தாள், மெருகு, அதற்குப் பின் சரிவில் சிறிது நீரை ஊற்றிப் பார்த்ததில் அது எங்கும் தயங்காமல் வடிதுளையின் பக்கம் ஓடியது. பவுண்டரியில் முதல் அச்சு எடுத்தபோது, மோல்டர் இலேசாகத் தட்டியதிலேயே பேட்டர்ன் சுத்தமாக உருவி வந்தது. சுவரோரத்தில் மணல் பெயரவில்லை.

இந்தத் திட்டத்தை எல்லாச் சரிவுக்கும் அப்படியே எடுத்துச்செல்ல முடியாது. புல்நோஸின் அகன்ற தடம் கோணம் கூடக்கூடக் குறுகிவிடும்: 15 டிகிரியில் அதன் ஆரம் 78-லிருந்து 17.5 மி.மீ.க்கு இறங்குவதால், ஏறத்தாழ அதே அளவான 0.016 மி.மீ. வரிமேடு வேண்டுமென்றால் ஸ்டெப் ஓவரை 1.5 மி.மீ. ஆகப் பாதியாக்க வேண்டும். 30 டிகிரியில் ஆரம் 10 மி.மீ.தான், பால்நோஸின் 6 மி.மீ.யோடு ஒப்பிட்டால் ஆதாயம் கொஞ்சமே. அந்தக் கோணத்தில் பால்நோஸும் மையத்திலிருந்து 3 மி.மீ. தள்ளியே தொடுவதால் தேய்ப்பதில்லை, நன்றாகவே வெட்டுகிறது. எங்கள் பட்டறையில் இப்போது 15 டிகிரிவரை புல்நோஸ், ஏற்றத் திசை. அதற்கு மேல் 25 டிகிரிவரை மரத்தின் தன்மையைப் பார்த்துக் கழிவுக் கட்டையில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது. அதற்கும் மேலே பால்நோஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சரிவு வளைந்து குழிந்த பரப்பாக இருந்தால், குழிவின் ஆரம் டூலின் தடத்தைவிடச் சிறிதாகும் இடத்தில் புல்நோஸ் அதைத் தோண்டிவிடும் அல்லது எட்டாமல் விட்டுவிடும். அத்தகைய உருப்படிகளில் கோணம் எவ்வளவு குறைவானாலும் பால்நோஸைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.